பிளாரன்ஸ் நல்லாயிருக்கு என்று சொன்னால்

எங்கள் சங்குக்குளித் தெருவுக்குப் பனி வந்தது பிளாரன்ஸ் மச்சாதுவால்தான். முந்தின நாள் சாயங்காலம் அவள் பனி கொட்டுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி நல்லாயிருக்கு என்று சொல்லியிருந்தாள். விடிந்து பால் வாங்கப் போனவர்கள் பார்த்தபோது தெருக்குழாய்க்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு குவியல் கிடந்தது. தூத்துக்குடிக்காரர்கள் வெள்ளையாக எதைக் கண்டாலும் உப்பு என்றுதான் நினைப்போம், உப்பள லாரி ஏதோ பின்கதவு திறந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று பேசிக்கொண்டு நின்றோம், குழாய்க்கு எதிர்வீட்டு ரோஸ்மேரி மாமி மட்டும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்ல" என்றாள், குழம்பைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் உருகிவிடும் என்று இருந்தோம், உருகவில்லை. மறுநாள் கடலுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கூடை அள்ளி மீன்பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள், அள்ளிய இடம் அடுத்த விடியலில் பழையபடி நிறைந்திருந்தது, அதற்கடுத்த நாள் ஐஸ் கம்பெனி முதலாளி சண்டை போட வந்தவர் கொஞ்ச நேரம் பனியில் கால் வைத்து நின்றுவிட்டு, மகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனார். ஒரு பொருள் ஏன் வந்தது என்று கேட்பதற்கு முன்னால் அதை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிற தெரு எங்களுடையது. அதனால் பனியின் காரணத்தை யாரும் விசாரிக்கவில்லை, அவள் விளையாட்டிலிருந்த பனி என்று தெரிந்ததும் பிளாரன்ஸைத்தான் அடுத்து என்ன விளையாடப் போகிறாள் என்று விசாரித்தோம்.

பிளாரன்ஸுக்கு ஒரு பேக்கரியில் மக்ரூன் பலகாரத்தைப் பொட்டலம் கட்டுகிற வேலை. சாயங்காலம் கைநிறைய முந்திரி வாசத்தோடு வருவாள், கப்பல் வேலைக்குப் போன தம்பி விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் விளையாடுவாள். பெரிய கம்பெனிகள் போடுகிற விளையாட்டு அவளுக்கு ஆகாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு அறையில் ஒரே ஒரு ஆளோ, மிஞ்சினால் புருஷனும் பெண்டாட்டியுமோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற சின்ன விளையாட்டுகள்தான் வேண்டும். "பெரிய கம்பெனிக்காரன் விளையாட்டு கொடியேத்தத் திருவிழா மாதிரி, போனாலும் போகாட்டியும் ஒண்ணுதான். இது ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போற மாதிரி. சாப்பிட்டுட்டு எப்படியிருந்துச்சுன்னு சொல்லாம வரக் கூடாது" என்பாள். அதைச் சொல்வதற்காகத்தான் தண்ணீர் வருகிற சாயங்காலங்களில், வெளிச்சம் நன்றாக விழும் என்று, தன் வீட்டு ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நின்று பேசிப் பதிவு செய்வாள். குழாயடி வரிசையில் நிற்கிற நாங்கள் வேறு வேலையில்லாமல் கேட்போம்.

சொல்லாமல் வரக் கூடாது என்பது அவளுடைய சட்டம். எங்கள் சட்டம் வேறு. குழாயடிச் சண்டையில் கோபத்தில் வருகிற வசவைத் தவிர, எங்கள் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் நேரே அபிப்பிராயம் சொல்வதில்லை. கல்யாண வீட்டு பிரியாணியில் அரிசி குழைந்திருந்தாலும் கறி வேகாமல் இருந்தாலும், கை கழுவிவிட்டு வரும்போது பெண் வீட்டாரிடம் "பச்சடி அருமையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வருவோம், அவர்களும் புரிந்துகொண்டு சிரித்து வெற்றிலைத் தட்டை நீட்டுவார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பிடிக்கவில்லை என்றால், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்போம். இப்படி இருக்கிற தெருவில், தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் "நீங்க ஒவ்வொரு தடவ சிரிக்கதுக்கு முன்னாலயும் உங்க அம்மாவப் பாக்கீங்க" என்று சொன்னவள் பிளாரன்ஸ். அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் இப்படி ஏதாவது உள்ளதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு முப்பத்துநாலு வயதாகிவிட்டது.

பனிக்குப் பிறகு படிக்கட்டு வந்தது. ஒரு சிறுமி தொலைந்த காற்றாடியைத் தேடி மேலே மேலே ஏறிப் போகிற விளையாட்டு அது. "வேற விளையாட்டுல எல்லாம் குதிக்கிற பொத்தானை அமுக்குனா பிள்ள இடுப்புல இருந்து குதிக்கும். இதுல பாதத்துல இருந்து குதிக்கா. செஞ்சவனுக்கு ஏறுன களைப்பு என்னன்னு தெரிஞ்சிருக்கு. நல்லாயிருக்கு" என்றாள் பிளாரன்ஸ். மறுநாள் கோயில் மதிலை ஒட்டிய காலி மனையில் கல் படிக்கட்டு ஒன்று தென்னைக்கும் மேலே ஏறிப்போய் ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்திருந்தது. இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தோம், மூன்றாம் நாள் அதில் கருவாடு காயப் போட்டோம், என்ன காரணமோ காகம் அந்தப் படிகளில் உட்காரவில்லை. வார்டு கவுன்சிலர் வந்து அடியில் ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்துப் படிக்கட்டுக்கே தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஆடு வந்தது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆடு, வீடு வீடாகப் போய் மனிதர்களை நலம் விசாரிப்பதைத் தவிர வேறு எதுவுமே இல்லாத விளையாட்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "கத்தியில்ல, துப்பாக்கியில்ல, ஜெயிக்கதுமில்ல. ஆனா முடிச்ச பிறகு நான் எங்க அப்பாகிட்ட போயி உக்காந்தேன். அத விட வேற என்ன வேணும்" என்றாள் பிளாரன்ஸ், மறுநாள் காலையில் ஆடு ரோஸ்மேரி மாமியின் கதவைக் கொம்பால் தட்டி, "நல்லா உறங்குனியளா?" என்று கேட்டது. எந்த நாட்டில் செய்த ஆடோ, எங்கள் பேச்சில்தான் கேட்டது. தினமும் விடியலில் ஒரு வீடு விடாமல் கேட்டுக்கொண்டு போகும், கொசுக்கடியில் புரண்டவர்களும் நெஞ்சுவலியோடு கிடந்தவர்களும் "ஆமா, நல்லா உறங்குனேன்" என்று ஆட்டிடமும் மரியாதைக்குப் பொய் சொன்னோம். பிளாரன்ஸ் மட்டும் "இல்ல, ஒரே புழுக்கம்" என்றோ "கனவுல பேக்கரி வந்துச்சு" என்றோ உள்ளதைச் சொல்லுவாள். ஆடு அவள் வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

நல்லாயில்லை என்று அவள் சொன்னவற்றிலிருந்து எதுவும் வரவில்லை. "படம் அழகு, பாட்டு அழகு. ஆனா நான் இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் ஒரே முடிவுதான். பின்ன என்னை எதுக்குக் கூப்பிட்டான்?" என்று அவள் கேட்ட விளையாட்டில் தங்க மாளிகை இருந்ததாம். எங்களுக்கு வருத்தம்தான்.

கவுன்சிலர் மனைவி ஜெசிந்தா மைனிக்கு தங்க மாளிகையைவிடப் பெரிய யோசனை வந்தது. ஆறு ஓடுகிற விளையாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, தெருவின் தண்ணீர்க் கஷ்டம் ஒரு வார்த்தையில் தீரும் என்று பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளாரன்ஸ் விளையாடிப் பார்த்தாள், ஆறு பார்க்க நன்றாகத்தான் ஓடியது, அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் வரிசையில் நின்ற காலிக் குடங்களைப் பார்த்து மனம் இளகி, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டாள். மறுநாள் தெரு எப்போதும் போலக் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வரவில்லை. அன்று சாயங்காலம் அவளே வாசலில் நின்று, "நேத்து பொய் சொன்னேன். சும்மா சொன்னா சும்மாதான் வரும்னு தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சிருங்க" என்றாள். அவள் மனதறிந்து சொல்வது எது, வாய்க்குச் சொல்வது எது என்று மறுநாள் விடிந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கும் அவளுக்கும் உறைத்தது.

இந்த நிலைமையில்தான் எபனேசரின் விளையாட்டு வந்தது.

எபனேசர் எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்காரன், ரோஸ்மேரி மாமியின் மாடியறையில் குடியிருந்தான். காலையில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பான், மிச்ச நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருப்பான், அவனுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதுகூட மாமிதான். ஆனால் பிளாரன்ஸ் வாசலுக்கு வந்து போனைச் சாய்க்கிற நேரத்துக்கு அவன் ஜன்னல் திறக்கும், அவள் பேசி முடித்து உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். இதை நாங்கள் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் வழக்கப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை, பிளாரன்ஸ் நல்ல சேலை கட்டிய நாளில் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரு திங்கட்கிழமை அவன் கீழே வந்து பிளாரன்ஸிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தான். ஆறு வருஷமாக அவன் தனியாகச் செய்த விளையாட்டு, பெயர் 'குழாயடி'.

"நீங்க உள்ளதச் சொல்லணும்" என்றான்.

"உள்ளதத்தான் சொல்லுவேன்" என்றாள் பிளாரன்ஸ், ஆனால் எப்போதும் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

மிச்சத்தை ரோஸ்மேரி மாமி தெருவுக்குச் சொன்னாள். கோயம்புத்தூரில் அவன் அண்ணன் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பேசி வைத்திருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டதாம், பிளாரன்ஸ் நல்லாயிருக்கு என்று சொன்னால் இருப்பானாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவானாம். தெருவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பிளாரன்ஸ் வீட்டுக்கு எதையாவது சாக்கு வைத்துப் போகாதவர்கள் இல்லை. ஜெசிந்தா மைனி நண்டுக் குழம்போடு போய், "ஏளா, நல்ல பையன். பச்சடியப் பத்தியாவது நாலு வார்த்த சொல்லேன்" என்றாள். பிளாரன்ஸ் குழம்பை ருசி பார்த்து, "மிளகு கூடிப்போச்சு மைனி" என்று மட்டும் சொன்னாள்.

நேரில் பொய் சொல்லத் தெரியாத பெண் என்று அவளைப் பற்றி எத்தனையோ வருஷம் குறை பேசியிருக்கிறோம். இப்போது அவள் முதல்முறையாக ஒரு பொய்யை மனதார விரும்பினாள், விரும்பியும் பிரயோஜனமில்லை. வாசலில் நின்று நல்லாயிருக்கு என்று சொல்லி, மறுநாள் ஒன்றும் வராமல் போனால் எபனேசருக்கு அது இரட்டை அடியாகிவிடும். அவள் முகம் அந்த வாரம் வாடிப்போய்த்தான் இருந்தது. ஆடு கேட்டபோது "உறங்கல" என்றாள், மறுநாளும் அதையே சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரிசை கோயில் வரைக்கும் நின்றது, தண்ணீருக்காக வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. பிளாரன்ஸ் அன்று போனை எடுத்து வரவில்லை. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

"இதுல நாம ஒரு பச்சைக் குடம். தண்ணி நிக்கதுக்குள்ள குழாய்கிட்ட போயிரணும். குடம் உரசுற சத்தம், குழாய்ல முதல்ல காத்து வந்து பிறகு தண்ணி வாற சத்தம், இதெல்லாம் கண்ண மூடிக் கேட்டா நம்ம தெருதான். ரோஸ்மேரி மாமி நரைவகிடு வரைக்கும் வரைஞ்சிருக்கு. ஆனா விளையாட்டு நல்லாயில்ல."

வரிசையில் எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"இந்தக் குழாயடில எல்லாரும் எல்லாருக்கும் வழி விடுதாங்க. நீங்க பிடிங்க, இல்ல நீங்க பிடிங்கன்னு. நம்ம குழாயடில யாரு யாருக்கு வழி விட்டா? ஒரு சண்டை இல்ல, ஒரு வசவு இல்ல. மேல இருந்தே பாத்துட்டு இருந்தா எல்லாரும் தலையாத்தான் தெரிவாங்க. எங்க வீட்டு வாசல்ல போன் சாய்ச்சு வச்சிருக்கு, ஆளக் காணோம். நான் எங்க?"

மேலிருந்து எபனேசர் சொன்னான்: "எத்தனையோ தடவ வரைஞ்சேன். ஒவ்வொண்ணுக்கும் நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுது. அழிச்சிட்டேன்."

பிளாரன்ஸ் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திருத்தலாம்" என்றாள். "ஆனா கோயம்புத்தூர்ல இருந்து திருத்த முடியாது. இருங்க. கீழ வாங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கென்று ரோஸ்மேரி மாமி இட்லி கட்டிக் கொடுத்தாள், எபனேசர் ஏறாமலே பஸ் போய்விட்டது, இட்லியை ஆடு தின்றது. திங்கட்கிழமை தண்ணீர் வந்தபோது எபனேசர் ஒரு பச்சைக் குடத்தோடு முதல்முறையாகக் குழாயடிக்கு வந்தான், வந்ததும் தப்புச் செய்தான். எங்கள் வரிசையில் குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கலை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள், அந்தச் செங்கல்தான் அந்த ஆள். மாடியிலிருந்து ஆறு வருஷம் பார்த்தவனுக்கு அது வெறும் செங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. அதைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தான். அது தெருக்கோடி வீட்டு பேபியோலா அக்காவின் செங்கல்.

பேபியோலா அக்கா அன்று அவனைப் பேசிய பேச்சில் அவன் நாசரேத்து, அவன் அண்ணன், அவன் படித்த பள்ளிக்கூடம் எதுவும் தப்பவில்லை. எபனேசர் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, செங்கலை எடுத்துப் பழைய இடத்தில் இரண்டு கையாலும் வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். ஆனால் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, பிளாரன்ஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

வெயில் காலம் போய், காற்றுக் காலம் வந்து, கடலோரத்தில் மழை இறங்குகிற வரைக்கும் அவன் தண்ணீர் வந்த நாளெல்லாம் குழாயடியில் நின்றான், வசவு வாங்கினான், ஒருநாள் திருப்பியும் கொடுத்தான், அன்று பேபியோலா அக்கா அவனுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். ஐப்பசியில் பென்டிரைவ் மறுபடியும் பிளாரன்ஸ் கைக்குப் போனது. அவள் விளையாடி முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இப்பக் குடத்துக்குப் பக்கத்துல செங்கல் இருக்கு. செங்கலத் தட்டுனா தெருவே எந்திரிச்சு வருது. எல்லாரும் மனசுல உள்ளதப் பேசுதாங்க, பேசப் பேசத்தான் வரிசை நகருது. அவங்க பேசாட்டித் தண்ணி நின்னுபோகும். இத நான் வேற எந்த விளையாட்டுலயும் பாத்ததில்ல. நானும் இருக்கேன். மூக்கு சரியில்ல. மத்தபடி நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு."

அன்று ராத்திரி தெருவில் பாதிப்பேர் விடியட்டும் விடியட்டும் என்று கிடந்தோம். விடிந்தது. பனி இருந்தது, படிக்கட்டு இருந்தது, ஆடு வந்து கேட்டுவிட்டுப் போனது. புதிதாக எதுவும் இல்லை. சந்து சந்தாகத் தேடினோம், மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தோம், பச்சைக் குடம் ஒன்றாவது வந்திருக்காதா என்று குழாயடியில் குனிந்து எண்ணினோம். ஒன்றும் வரவில்லை. பாவம், பையனுக்காகப் பொய் சொல்லிவிட்டாள் என்று எல்லோருக்கும் புரிந்தது, எபனேசர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, பச்சடி அருமை என்று சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டு சாயங்காலம் வரிசையில் நின்றோம்.

பேச்சை மாற்றுவதற்காக ரோஸ்மேரி மாமிதான் ஜெசிந்தா மைனியிடம் ஆரம்பித்தாள், போன வாரம் நடந்த அவள் மகள் கல்யாணத்தைப் பற்றி. "உன் மவ கல்யாணத்துல" என்று தொடங்கியவள், "கறி வேகவே இல்ல ஜெசிந்தா" என்று முடித்துவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா மைனி மாமியை உற்றுப் பார்த்தாள். "தெரியும்" என்றாள் கடைசியில். "நானும் அதத்தான தின்னேன். பல்லே ஆடிப்போச்சு." சொல்லிவிட்டுக் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. படிக்கட்டில் அவர் பெயர்ப் பலகை அசிங்கமாக இருக்கிறது என்று கவுன்சிலரிடம் சொன்னோம், தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று அவர் ஒத்துக்கொண்டார். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று பிளாரன்ஸின் அப்பா முதல்முறையாகச் சொன்னார், அவரை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை கொடுத்தார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். விளையாட்டிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தெருவையெல்லாம் தேடிவிட்டு அவரவர் வாய்க்குள் தேடாமல் இருந்திருக்கிறோம்.

அன்று வரிசையின் கடைசியில் எபனேசரின் முறை வந்தது. குடம் நிறைந்து வழிந்தும் அவன் எடுக்கவில்லை. நேரே பிளாரன்ஸைப் பார்த்து, "எனக்கு உங்களக் கட்டிக்கிடணும்னு இருக்கு" என்றான்.

நாங்கள் அவளைப் பார்த்தோம். உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்தவள் வாசலிலிருந்து இறங்கி வந்து குழாயைத் திருகி மூடினாள். "எந்த விளையாட்டுக்கும் ஒரு ராத்திரி எடுத்துக்கிடுவேன்" என்றாள். "நாளைக்குச் சொல்லுதேன்."

மறுநாள் விடியலில் ஆடு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது. பிளாரன்ஸ் வீட்டு வாசலுக்கு அது வருகிற நேரத்துக்குத் தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன, மாடி ஜன்னலும்தான்.

"நல்லா உறங்குனியளா?" என்றது ஆடு.

"இல்ல" என்றாள் பிளாரன்ஸ். "கண்ண மூடவே இல்ல. சரின்னு நேத்தே சொல்லியிருக்கலாம்ல, எதுக்கு ராத்திரியை வீணாக்குனேன்னு விடியுற வரைக்கும் என்னையே ஏசிக்கிட்டுக் கிடந்தேன்."

ஆடு வழக்கம்போல அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டு, திரும்பி ரோஸ்மேரி மாமியின் மாடிப்படியில் ஏறியது. கேட்டதை அது சொல்ல வேண்டிய அவசியமில்லை, எபனேசர் ஏற்கெனவே பாதிப் படி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அவன் சி.எஸ்.ஐ., இவள் ஆர்.சி., சபை வேறு என்பதால் இரண்டு பக்கமும் பேச வேண்டியதை முகத்துக்கு நேரே பேசி, தை மாதம் கல்யாணம் நடந்தது. பனியில் குளிர வைத்த கலர் சோடா கொடுத்தார்கள். ஆடு மழைக்கோட்டுக்கு மேல் மாலை போட்டுக்கொண்டு நின்றது. பந்தியில் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மணமக்களிடம் வரிசையாகப் போனோம். பிரியாணி அவ்வளவு நன்றாக இருந்தது, அரிசி அரிசியாக, கறி பஞ்சாக. பச்சடிதான் சரியில்லை, தயிர் புளித்துவிட்டது. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.